அறுந்த காதும் அதை ஒட்டும் கலையும்

தென்பாண்டிச் சீமையில் ஒரு குடும்பத்தின் சுகதுக்கங்களை அறிய விரும்புகிறவர்கள் அந்த வீட்டுப் பெண்ணின் காதைப் பார்த்தால் போதும் என்று சொன்னால் அது மிகையாகாது. வெள்ளாமை விளைந்த வருஷத்தில் அங்கே பொன் ஏறும். மழை பொய்த்த வருஷத்தில் அதே பொன் அடகுக் கடைக்குப் போய்ச் சேரும். பொன் போன இடத்தில், துளை தூர்ந்துவிடாதபடி ஒரு வேப்பங்குச்சியோ விளக்குமாற்று ஈர்க்கோ வந்து செருகப்பட்டு, நல்ல காலம் திரும்பும் வரையில் அந்த இடத்தைக் காத்துக்கொண்டிருக்கும். சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்திலும் அதைச் சுற்றிய கரிசல் பூமியிலும், வானம் பார்த்த விவசாயத்தின் இடத்தைத் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும் பிடித்துக்கொண்டு பல தலைமுறைகள் ஆகிவிட்டபோதிலும், இந்தக் கணக்கு மட்டும் மாறவில்லை. தீபாவளியை ஒட்டிக் கையில் வரும் பணம் கம்மலாகவோ ஜிமிக்கியாகவோ உருமாறுவதும், பள்ளிக்கூடம் திறக்கும் வைகாசி மாதத்தில் அந்த ஜிமிக்கி மறுபடியும் பணமாவதும் இன்றும் நடக்கிற காரியங்களே.

இவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமக்கிற காதின் மடலோ மிகவும் மெல்லியது. காதின் மேற்பகுதியை விறைப்பாக நிறுத்தி வைத்திருக்கும் குருத்தெலும்பு கீழே மடலுக்குள் இறங்குவதில்லை. அங்கே உள்ளது இரு பக்கமும் தோல், நடுவில் சிறிது கொழுப்பும் நார்த்திசுவும், இவ்வளவுதான். இந்த எளிய சதைத் துணுக்கு வருஷக்கணக்காகப் பாரம் தாங்கித் தாங்கி இறுதியில் அறுந்துபோனால், அந்தக் காதுக்கு உரியவளை ஊரார் "காதறுந்த மூளி" என்று சொல்லத் தயங்குவதில்லை. அந்தச் சொல்லுக்கு அஞ்சியே கல்யாண வீட்டுக்குப் போகாமல் இருந்துவிடுகிற தாய்மார்களும், காதை மறைத்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்கிற பாட்டிமார்களும் உண்டு. அரைமணி நேரச் சிகிச்சையில் தீரக்கூடிய ஒரு குறைக்காக ஒருவர் ஆயுள் முழுவதும் கூசி வாழ வேண்டியதில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

அறுந்த காதைப் பற்றிப் பேசப் புகுமுன் வளர்த்த காதைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். மதுரைக்குத் தெற்கே, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளில், நீண்டு தொங்கி ஏறக்குறைய தோளைத் தொடும் காதே அழகுக்கும் அந்தஸ்துக்கும் இலக்கணமாக விளங்கிய காலம் ஒன்று இருந்தது. குழந்தைப் பருவத்திலேயே காதைத் துளைத்து, துளையில் பஞ்சுத் திரியை இட்டு, புண் ஆறிய பிறகு திரியைப் பருமனாக்கி, அதன்பின் சுருட்டிய ஓலையைச் செருகி, கடைசியில் ஈயத்தாற் செய்த குணுக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றிக் காதை 'வளர்ப்பார்கள்'. இந்த வேலையில் அவசரத்துக்கு இடமில்லை. இளம் பிராயத்துத் தோலுக்கு, மெல்ல மெல்ல இழுத்தால் கிழியாமல் தானும் வளர்ந்து கொடுக்கும் தன்மை உண்டு. அதை நம் பாட்டிமார்கள் நூல் படிக்காமலே அறிந்திருந்தார்கள். காது வேண்டிய நீளத்துக்கு வந்த பிறகு பாம்படம், தண்டட்டி, முடிச்சு, நாகபடம் முதலிய ஆபரணங்கள் அதில் இடம் பெறும்; மேற்காதில் கொப்பும் முருகும் ஏறும். பாம்படம் பார்வைக்குப் பெரும் பொற்கட்டியைப் போலத் தோன்றினாலும், உள்ளே அரக்கை வைத்து மேலே மெல்லிய பொன் தகட்டைப் போர்த்திச் செய்வதே வழக்கம். முழுவதும் பொன்னாக இருந்தால் எந்தக் காதும் தாங்கியிராது.

இந்த ரசனை மனிதரோடு நின்றுவிடவில்லை. தாமிரபரணிக் கரையின் நவதிருப்பதிகளுள் ஒன்றான தென்திருப்பேரையில் கோயில் கொண்டுள்ள பெருமாளுக்கு மகரநெடுங்குழைக்காதர் என்பதே திருநாமம். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளிலும், நாடெங்கும் உள்ள புத்த பிம்பங்களிலும் காது நீண்டு தொங்குவதைக் காண்கிறோம். எட்கார் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் தென்னிந்திய ஜாதிகளையும் குலங்களையும் பற்றி ஏழு பாகங்களாக 1909 இல் வெளியிட்ட பெருநூலிலும் தென்மாவட்ட ஸ்திரீகளின் இந்த வழக்கம் இடம் பெற்றிருக்கிறது. காதை நீட்டிக்கொள்ளும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதும் அன்று. போர்னியோத் தீவின் தயாக் மக்களிடமும், கீழை ஆப்பிரிக்காவின் மசாய் மக்களிடமும் அது உண்டு.

ஆனால் நாகரிகம் ஒரே திசையில் நெடுநாள் ஓடுவதில்லை. பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கியதும், கிறிஸ்தவ மிஷன் பள்ளிகளும் சீர்திருத்தக்காரர்களும் இந்த வழக்கத்தைக் குறை கூறத் தொடங்கியதும், நேற்று வரை பெருமையாக இருந்த நீண்ட காது இன்று பட்டிக்காட்டுத்தனத்தின் அடையாளமாயிற்று. தாய் பாடுபட்டு வளர்த்துவிட்ட காதை மகள் அறுத்து ஒட்டவைத்துக்கொண்டு, சின்னக் கம்மல் அணிந்து வெளியே வந்தாள். தென்மாவட்டங்களில் காதை அறுத்துத் தைத்துக்கொள்ளும் காரியம் ஒரு தலைமுறைக்கு மிகவும் பழகிப்போன ஒன்று. இன்று வயது முதிர்ந்த பெண்மணிகள் பலருடைய காதின் அடியில் தெரியும் மெல்லிய கோடு அந்தத் தலைமுறையின் கதையைச் சொல்லும்.

இன்றைய பெண்களின் காது வேறு வழிகளில் பழுதாகிறது. முதலாவது, கனம். முகூர்த்தத்துக்கு மட்டும் அணிய வேண்டிய பெரிய ஜிமிக்கியைப் பகலும் இரவும் கழற்றாமல் அணிந்திருந்தால், ஊசிமுனை அளவாக இருந்த துளை வருஷா வருஷம் கீழ்நோக்கி நீண்டு, சட்டையின் பித்தான் துளையைப் போல ஆகிவிடுகிறது. இரண்டாவது, துளை விழுந்த இடம். மடலின் நடுவிலன்றி விளிம்பை ஒட்டித் தாழக் குத்திவிட்டால் கீழே தாங்குவதற்குச் சதையே மிஞ்சுவதில்லை. மூன்றாவது, கவரிங் நகை. அதில் கலந்திருக்கும் நிக்கல் சிலருடைய தோலுக்கு ஒவ்வாமல் அரிப்பும் நீர்வடிதலும் உண்டாக்க, புண்பட்ட மடல் சிறு பாரத்துக்கும் இடம் கொடுத்துவிடுகிறது. நான்காவது, எதிர்பாராத இழுப்பு. மடியில் இருக்கும் குழந்தையின் விரல், தலை துவட்டும் துண்டு, அவசரத்தில் கழற்றும் தலைக்கவசம், இவற்றுள் எதிலேனும் வளையம் சிக்கிக்கொண்டால் ஒரு கணத்தில் காது பிளந்துவிடும். நகைக்காகக் காதையே அறுத்துக்கொண்டு ஓடும் திருடர்களின் கொடுமையைப் பத்திரிகைகளில் படித்து வருகிறோம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக வயது இருக்கிறது. முதுமையில் மடலின் கொழுப்பு வற்றித் தோல் தளரும்போது, இளமையில் தாங்கிய பாரத்தையே காது தாங்கமாட்டாமற் போகிறது.

பிளந்த காது தானாக ஏன் ஒட்டிக்கொள்வதில்லை என்று கேட்கலாம். கை விரலில் வெட்டுக்காயம் பட்டால் இரு விளிம்புகளும் கூடி ஆறிவிடுகின்றனவே, காது மட்டும் ஏன் பிளந்தபடியே நிற்கிறது? காரணம் விசித்திரமானது: அது ஆறாமல் இருப்பதனால் அன்று, ஆறிவிட்டதனாலேயே ஒட்டுவதில்லை. துளை மெல்ல மெல்ல நீளும்போது, அறுபடும் ஒவ்வொரு விளிம்பையும் உடனுக்குடன் தோல் மூடிக்கொண்டுவிடுகிறது. பச்சைப் புண்ணோடு பச்சைப் புண் கூடுமேயல்லாது, தோல் மூடிய விளிம்போடு தோல் மூடிய விளிம்பு ஒருநாளும் கூடாது. ஆகவே பிளந்த காதை ஒட்ட வேண்டுமானால் ஆறிப்போனதை மறுபடியும் புண்ணாக்கிய பிறகே ஒட்ட வேண்டும். காது ஒட்டும் கலையின் அடிப்படை ரகசியம் இது ஒன்றே.

இந்த ரகசியத்தை நம் முன்னோர்கள் மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தார்கள் என்பது பெருமைக்குரிய விஷயம். சுசுருத சம்ஹிதையின் சூத்திரஸ்தானத்தில் பதினாறாவது அத்தியாயம் காது குத்துவதையும், அறுந்த காதைக் கூட்டுவதையும் பற்றியதாகவே அமைந்திருக்கிறது. குழந்தைக்கு ஆறாவது அல்லது ஏழாவது மாதத்தில் காது குத்த வேண்டும் என்றும், ஆணுக்கு வலக்காதையும் பெண்ணுக்கு இடக்காதையும் முதலில் குத்த வேண்டும் என்றும் அது விதிக்கிறது. துளையில் திரியிட்டு, அதைப் படிப்படியாகப் பருமனாக்கிக் காதை வளர்க்கும் முறையையும் கூறுகிறது. அவ்வாறு வளர்த்த காது பிளந்துபோனால், மிஞ்சியிருக்கும் மடலின் வடிவத்துக்குத் தக்கபடி அதைக் கூட்டுவதற்குப் பதினைந்து முறைகளைப் பெயர் சொல்லி வகுத்திருக்கிறது. விளிம்புகளைச் சீவிப் புதுப் புண்ணாக்கி, ரத்தத்தைத் துடைத்து, மேடு பள்ளமின்றிப் பொருத்தி, தேனும் நெய்யும் தடவி, பஞ்சும் துணியும் வைத்து, இறுகவும் இன்றித் தளரவும் இன்றி நூலாற் கட்ட வேண்டும் என்பது அதன் விதி. மடலே இல்லாதவருக்குக் கன்னத்துச் சதையை, அதன் வேர் அறாதபடி எடுத்துத் திருப்பி மடல் அமைக்கும் முறையும் அங்கே உண்டு. சிகிச்சைக்குப் பிறகு உடம்பை அலட்டுவதும், மிகுதியாக உண்பதும், நெருப்பின் வெக்கையில் இருப்பதும், ஓயாமற் பேசுவதும், பகலில் உறங்குவதும் ஆகாது என்று பத்தியமும் சொல்லப்பட்டிருக்கிறது.

ரோமாபுரியில் முதல் நூற்றாண்டில் வாழ்ந்த செல்ஸஸ் என்பவரும் தம்முடைய வைத்திய நூலின் ஏழாவது பாகத்தில் இதே பொருளைத் தொட்டிருக்கிறார். கனத்த குண்டலங்களை அணிந்தமையால் துளை பெரிதாகிவிட்ட காதை, துளையிலிருந்து மடலின் அடிவரை அறுத்துவிட்டு, விளிம்புகளைச் சீவிப் பின்பு தைத்துவிட வேண்டும் என்பது அவர் காட்டும் வழி. ஒருவரை ஒருவர் கண்டிராத இரு நாட்டு வைத்தியர்கள், புண்ணாக்கியே புண்ணைக் கூட்ட வேண்டும் என்ற ஒரே முடிவுக்கு வந்திருப்பது சிந்திக்கத்தக்கது.

நம் நாட்டில் நூலறிவு மங்கிய பிறகும் கையறிவு அழியாமல் இருந்தது. திப்பு சுல்தானோடு நடந்த 1792 ஆம் ஆண்டு யுத்தத்தில் ஆங்கிலேயரிடம் மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் சிறைப்பட்டு மூக்கை இழந்தார். பூனா அருகே ஒரு நாட்டு வைத்தியர் அவருடைய நெற்றித் தோலை இறக்கிப் புது மூக்கு அமைத்துக் கொடுத்த செய்தி, 1794 அக்டோபரில் லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளியாயிற்று. அதைப் படித்து வியந்த ஜோசப் கார்ப்பியு என்ற ஆங்கில வைத்தியர் 1814 இல் அதே முறையில் மூக்கு அமைத்து வெற்றி கண்டார். மேனாட்டில் இன்று வளர்ந்து நிற்கும் பிளாஸ்டிக் சர்ஜரியின் சரித்திரத்தை எழுதுவோர் எவரும் இந்தச் சம்பவத்தைச் சொல்லாமல் விடுவதில்லை.

இப்போது நடைபெறும் சிகிச்சையைப் பார்ப்போம். இதற்கு மயக்கம் கொடுத்துப் படுக்கவைக்க வேண்டியதில்லை. மடலில் மரப்பு ஊசி போட்டால் போதும், பேசிக்கொண்டிருக்கும்போதே காரியம் முடிந்துவிடும். அந்த ஊசியில் உள்ள லிக்னோகெய்ன் என்னும் மருந்தை ஸ்வீடன் தேசத்து ரசாயன நிபுணர் நில்ஸ் லோஃப்கிரென் 1943 இல் கண்டறிந்தார். மரத்த பிறகு வைத்தியர் பிளவின் இரு விளிம்புகளிலும் உள்ள பழந்தோலைச் சீவி எடுத்து, உட்சதையைக் கூட்டி, காதின் முன்பக்கமும் பின்பக்கமும் தலைமுடியைப் போன்ற நுண்ணிய நைலான் நூலால் தைக்கிறார். துளை பெரிதாகியும் அடிவிளிம்பு அறாமல் இருந்தால், துளையின் உட்புறத் தோலை மட்டும் வட்டமாக எடுத்துவிட்டுத் தைப்பதும் உண்டு. அடியில் இழை போன்ற சதையே மிஞ்சியிருந்தால் அதையும் அறுத்து முழுப் பிளவாக்கித் தைப்பதே உசிதம். வளர்த்த காதாக இருந்தால் வேலை சற்றுப் பெரிது. தொங்கும் வளையத்தில் மிகையான பகுதியை நீக்கி, எஞ்சியதை மடலின் வடிவத்துக்கு மடித்துப் பொருத்த வேண்டும். இரு காதுகளும் ஒரே அளவில் அமைய வேண்டும் என்பதால், கத்தியை எடுப்பதற்கு முன்பே மையினால் கோடு வரைந்துகொள்வது நல்ல வைத்தியரின் வழக்கம்.

எளிதென்று தோன்றும் இந்த வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. எந்தத் தழும்பும் ஆறும்போது சுருங்கும். பிளவை நேர்க்கோட்டில் தைத்துவிட்டால், அந்தக் கோடு சுருங்கி மேல்நோக்கி இழுக்க, மடலின் அடிவிளிம்பில் ஒரு பள்ளம் விழுந்துவிடும்; காது ஒட்டியும் மூளித்தன்மை போகாது. ஆகவே அடிவிளிம்பை அடையும் இடத்தில் கோட்டை நேராக விடாமல், படிபோலவோ குறுக்கும் நெடுக்குமாக மடித்தோ அமைத்துச் சுருக்கத்தின் வேகத்தைத் திசைதிருப்பிவிடுகிறார்கள். பிளந்த மடலைச் செப்பனிடுவது பற்றிச் சிங்கப்பூர் வைத்தியர் கூ பூ சாய் 1961 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தையல் போடும்போதே ஒரு சிறு தோலைச் சுருட்டி உள்ளே வைத்து, தோடு அணிவதற்கான துளையையும் அப்போதே அமைத்துவிடும் முறையைப் பார்ட்யூ என்பவர் 1973 இல் விளக்கினார். அம்முறையில் மறுபடியும் காது குத்தும் வேலை இல்லை என்பது நன்மை; பழைய பலவீனமான வழியிலேயே மறுபடியும் பாரம் இறங்குவதால் திரும்பவும் பிளக்க இடமுண்டு என்பது தீமை. நம் நாட்டில் பெரும்பாலும் துளையை முழுவதும் மூடிவிட்டுப் பிறகு வேறிடத்தில் குத்துவதையே விரும்புகிறார்கள்.

சிகிச்சை முடிந்தவர் அன்றே வீடு திரும்பலாம். ஏறக்குறைய ஒரு வாரத்தில் தையலைப் பிரித்துவிடுவார்கள். ஆனால் தையல் பிரிந்ததுமே காது பழைய வலிமையை அடைந்துவிட்டதென்று நினைப்பது தவறு. மூன்று வாரத்தில் தழும்புக்கு உள்ள உறுதி இயற்கைத் தோலின் உறுதியில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. மூன்று மாதத்தில் அது ஏறத்தாழ 80 சதவீதம் வரை ஏறும். எத்தனை வருஷம் ஆனாலும் முழு உறுதி திரும்புவதில்லை. மூன்று மாதம் பொறுத்திருந்து, தழும்பின் மேல் அல்லாமல் அதற்குச் சற்று விலகிய நல்ல தோலில் புதிதாகக் காது குத்திக்கொள்ள வேண்டும் என்று வைத்தியர்கள் வற்புறுத்துவது இதனால்தான். அடுத்த வாரம் கல்யாணத்தை வைத்துக்கொண்டு இந்த வாரம் காதை ஒட்டவைக்க வருகிற தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சிலருடைய உடம்பில் தழும்பு தன் எல்லையில் நில்லாமல் தடித்துப் பருத்து வளரும். கெலாய்டு என்னும் இந்தத் தொல்லை நம்மைப் போன்ற கருநிற மக்களுக்கு அதிகம். அது விரும்பித் தங்கும் இடங்களில் காதுமடலும் ஒன்று. முன்பு காது குத்திய இடத்திலோ, அம்மைத் தழும்பிலோ, மார்பிலோ அப்படித் தடித்திருந்தால், அதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே தையலுக்கு உட்பட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்பவர்கள் அதையும் மறைக்கலாகாது. இழுபட்டு அப்போதே கிழிந்த காதின் விஷயம் வேறு: அதன் விளிம்புகள் இன்னும் பச்சைப் புண்ணாகவே இருப்பதால், சுத்தமான நீரால் கழுவி, அன்றே தையல் போட்டு, வில்வாத ஜன்னி வராதபடி ஊசியும் போட்டுக்கொண்டால் எளிதில் கூடிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியமாகிறது. தையலின்றி, கத்தியின்றி, சில நிமிஷங்களில் காது ஓட்டையை அடைத்துத் தருவதாகச் சில அழகு நிலையங்கள் விளம்பரம் செய்கின்றன. துளையின் உட்புறத்தில் ஓர் அமிலத்தைத் தடவித் தோலைப் பொசுக்கிப் புண்ணாக்கி, பிறகு அழுத்தி ஒட்டவைப்பதே இவற்றில் பெரும்பாலும் நடப்பது. புண்ணாக்கிக் கூட்டுவது என்ற தத்துவம் இங்கும் அதுவே என்றாலும், கத்தி வைத்தியனின் கைக்குக் கட்டுப்பட்டது. அமிலம் அப்படிக் கட்டுப்படுவதில்லை. அளவு தெரிந்த தோல் வைத்தியர் சிறு துளைகளுக்கு அதைப் பயன்படுத்துவது வேறு. பயிற்சி இல்லாதவர் கண்ட காதிலெல்லாம் தடவுவது வேறு. நல்ல தோலும் வெந்து மடலே உருக்குலைந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தால், அரைமணி வேலையாக இருந்தது பெரிய வேலையாகிவிடும்.

சிவகாசி வட்டாரத்தில் வெந்த காதுக்கு வேறொரு காரணமும் உண்டு என்பதை வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது. பட்டாசு ஆலையின் மருந்து அறையில் நெருப்புப் பற்றும்போது முகத்தோடு காதும் வேகிறது. காதின் தோல் மெல்லியது, அதன் அடியில் உடனே குருத்தெலும்பு; ஆகவே வெந்த காதில் சீழ் பிடித்தால் குருத்தெலும்பு கரைந்து காது சுருங்கிப்போகும்; மடல் கழுத்துத் தோலோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு மடலைப் பிரித்து மீண்டும் அமைப்பதும், அறுந்த காதைத் தைப்பதும் ஒரே சாஸ்திரத்தின் பெரிய வேலையும் சிறிய வேலையுமே. சிவகாசி அரசு ஆஸ்பத்திரியில் தீக்காயத்துக்குச் சிகிச்சை உண்டு. கடுமையான காயமென்றால் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். விருதுநகரில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. தீக்காயத்தில் வெந்தவர் முதலில் கவனிக்கப்பட வேண்டியவர் என்பதில் ஐயமில்லை. அதற்காகக் காதறுந்தவள் தன் குறையைச் சொல்லவே கூசி வாசலோடு திரும்ப வேண்டியதும் இல்லை.

வளர்த்த காது நாகரிகக் குறைவும் அன்று, அறுந்த காது அவமானமும் அன்று. பாம்படம் தொங்கிய காதை அப்படியே வைத்துக்கொண்டு வாழ விரும்பும் மூதாட்டியை எவரும் வற்புறுத்த வேண்டாம். ஒட்டிக்கொள்ள ஆசைப்படும் பெண்ணை, 'இந்த வயதில் இது எதற்கு?' என்று எவரும் தடுக்கவும் வேண்டாம். துளை நீளத் தொடங்கியதுமே கனத்த நகையைக் கழற்றிவிடுங்கள். உறங்கப் போகுமுன் தொங்கட்டான்களை எடுத்துவையுங்கள். ஜிமிக்கியின் பாரத்தில் பாதியையாவது மாட்டலின் வழியாகக் கூந்தலுக்குப் பகிர்ந்து கொடுங்கள். அதையும் மீறி அறுந்துபோனால், பட்டம் பெற்ற வைத்தியரிடம் கூச்சமின்றிப் போய்த் தைத்துக்கொண்டு, மூன்று மாதம் பொறுத்து, இலேசான தோடாகப் பார்த்து அணிந்துகொள்ளுங்கள்.